'பிக் அப் யூ' ஏன் தப்பு, 'லுக் ஆஃப்டர் இட்' ஏன் சரி?

கமாயூட் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாங்கூன்ல கார் ஓட்டுறேன். ஏர்போர்ட்டுக்குப் போய் வெளிநாட்டுக்காரங்களை ஏத்திட்டு வர்றது, ஊர் சுத்திக் காட்டுறது, இதான் பிழைப்பு. வீட்டுல தமிழ், படிச்சது பர்மிய ஸ்கூல், இங்கிலீஷ் மட்டும் வண்டியில உக்காந்து காதால பொறுக்கினது.

போன வாரம் இங்கிலாந்துக்காரம்மா ஒருத்தங்களுக்கு மெசேஜ் போட்டேன்: 'ஐ வில் பிக் அப் யூ அட் சிக்ஸ்'. சாயங்காலம் வண்டியில ஏறினதும் பக்குவமா சொன்னாங்க, 'பிக் யூ அப்'னு சொல்லணும், 'யூ' நடுவுல வரணும்னு. சரின்னு மனசுல போட்டுக்கிட்டேன். மறுநாள் பெட்டியை வண்டியிலேயே வெச்சுட்டு ஷ்வேடகோன் பகோடாவுக்கு ஏறிப் போனாங்க. நான் முந்தின நாள் பாடத்தை ஞாபகம் வெச்சு, 'டோன்ட் ஒர்ரி, ஐ வில் லுக் இட் ஆஃப்டர்'னு சொன்னேன். அவங்க நின்னு, தலையை ஆட்டி, 'நோ, லுக் ஆஃப்டர் இட்'னாங்க.

ரெண்டும் ஒரே சாயல்தானே? ஒரு வினை, ஒரு குட்டிச் சொல், ஒரு 'யூ' இல்லன்னா 'இட்'. ஒண்ணுல நடுவுல, ஒண்ணுல கடைசியில. தெரிஞ்ச மூணு பேர்கிட்ட கேட்டேன். 'அது அப்படித்தான்'னாங்க. எனக்கு அந்தப் பதில் போதல. காரணம் தெரிஞ்சா அடுத்த வார்த்தைக்கு நானே முடிவு பண்ணிக்குவேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாந்தலே கடைக்காரர்:

தம்பி, இதுக்குக் காரணம் தேடிப் போனா நாள்தான் போகும். நான் கடையில முப்பது வருஷமா வெளிநாட்டு ஆளுங்ககிட்டப் பேசறேன். மனப்பாடம் பண்ணினதுதான் நின்னிருக்கு. இன்னொரு வழியும் இருக்கு, இந்த ரெட்டை வார்த்தையை விட்டுட்டு ஒத்தை வார்த்தையாப் பேசுங்க. 'ஐ வில் கலெக்ட் யூ அட் சிக்ஸ்'. இங்கிலாந்துக்காரங்க அப்படியும் சொல்றாங்க. 'புட் ஆஃப்'க்கு 'போஸ்ட்போன்', 'ஃபைண்ட் அவுட்'டுக்கு 'டிஸ்கவர்'. குழப்பமே இல்ல.

தன்லின் சயாமா:

மாந்தலே அண்ணன் சொல்வது பேசுவதற்கு ஒத்துவரும், கேட்பதற்கு ஒத்துவராது. நாம் 'போஸ்ட்போன்' என்று சொல்லலாம். எதிரில் இருப்பவர் 'லெட்ஸ் புட் இட் ஆஃப்' என்றுதான் சொல்வார். வீட்டில், ரோட்டில், ஆஸ்பத்திரியில் அவர்கள் வாயில் வருவது இந்தக் குட்டிச் சொல் கூட்டணிதான். அது புரியாவிட்டால் காது கேட்டும் கேளாதவர் மாதிரி நிற்போம். அதனால் தம்பி கேட்ட கேள்வியை விடக்கூடாது. நான் இருபது வருஷமாக டியூஷன் எடுக்கிறேன் ('சயாமா' என்றால் பர்மியத்தில் டீச்சரம்மா). ஒவ்வொரு வருஷமும் இதே இடத்தில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

தம்பி, அந்தக் குட்டிச் சொல் யாருடைய ஆள் என்று பாருங்கள். வினையின் ஆளா, பெயரின் ஆளா?

தமிழிலேயே இரண்டும் உண்டு. 'அணைத்துவிடு' என்கிறோம். அந்த 'விடு' அணைப்பதோடு ஒட்டிய துணைவினை. விளக்குக்கும் அதற்கும் நேர் உறவு கிடையாது. 'அவனுக்காகக் காத்திரு' என்கிறோம். அந்த 'க்காக' அவனோடு ஒட்டியது, காத்திருப்பதோடு ஒட்டியதில்லை. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் வரும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. இங்கிலீஷில் அந்த உருபு பெயருக்கு முன்னால் வந்து உட்கார்கிறது. அதைத்தான் பிரிப்பொசிஷன் என்கிறார்கள்.

'வெயிட் ஃபார் ஹிம்' என்பதில் 'ஃபார் ஹிம்' ஒரு முடிச்சு, 'அவனுக்காக' மாதிரி. முடிச்சை அவிழ்த்து 'வெயிட் ஹிம் ஃபார்' என்றால் தமிழில் உருபைக் கழற்றி வேறெங்கோ ஒட்டுவது போல ஆகிவிடும். 'லுக் ஆஃப்டர் இட்'டும் இந்த வகைதான். 'டர்ன் ஆஃப்' என்பதில் 'ஆஃப்' வினையின் ஆள். அங்கே பெயருக்கு இரண்டு இடம் உண்டு: 'டர்ன் ஆஃப் தி லைட்', 'டர்ன் தி லைட் ஆஃப்', இரண்டும் சரி. ஆனால் 'தி லைட்' போய் 'இட்' வந்ததும் ஒரே இடம்தான், நடுவில்: 'டர்ன் இட் ஆஃப்'.

ஏன் புரோநவுன் மட்டும் நடுவுக்குப் போகிறது? இங்கிலீஷில் வாக்கியத்தின் கடைசி இடம் கனமான இடம். புதுச் செய்தி, அழுத்திச் சொல்ல வேண்டிய சொல் அங்கேதான் வரும். 'இட்', 'ஹிம்', 'யூ' எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவற்றைச் சுட்டும் இலேசான சொற்கள், அழுத்தம் இல்லாதவை. கடைசி இடத்தை 'ஆஃப்'புக்கும் 'அப்'புக்கும் கொடுத்துவிட்டு அவை உள்ளே ஒதுங்கிக்கொள்கின்றன. பெயர் நீளமாக இருந்தால் நேர்மாறு. 'டர்ன் ஆஃப் தி லைட் இன் தி பேக் ரூம்' என்று கடைசிக்குத் தள்ளுவார்கள். அவ்வளவு நீளத்தை நடுவில் வைத்தால் 'ஆஃப்' வருவதற்குள் கேட்பவருக்கு மூச்சு வாங்கும். தம்பி அந்த அம்மாவிடம் 'ஐ வில் பிக் அப் யூ அண்ட் யுவர் ஹஸ்பண்ட்' என்று சொல்லியிருந்தால் அவர் திருத்தியிருக்க மாட்டார். 'யூ'வுக்குக் கூட ஒரு ஆள் சேர்ந்ததும் கனம் வந்துவிட்டது.

பாசின் கல்லூரிப் பெண்:

சயாமா, ஒரு சந்தேகம். வினையின் ஆள், பெயரின் ஆள் நல்லாப் புரிஞ்சுது. ஆனா 'லுக் ஆஃப்டர் தி சைல்ட்' தமிழ்ல 'குழந்தையைப் பார்த்துக்கொள்'. அந்தக் 'கொள்' துணைவினைதானே? அப்போ உங்க கணக்குப்படி 'ஆஃப்டர்' வினையோட ஆளா ஆகணும், 'லுக் ஹிம் ஆஃப்டர்' சரியா இருக்கணும். ஆனா அது தப்புன்னு அந்த அம்மா சொல்லிட்டாங்களே. பர்மியத்துலயும் இதே சிக்கல்தான். 'சா லைக்' (சாப்பிட்டுவிடு) மாதிரி வினைக்குப் பின்னாடி 'லைக்' போடுறோம், நம்ம 'விடு' மாதிரி. ஆனா எந்த இங்கிலீஷ் வினைக்கு 'லைக்' வரும், எதுக்கு வராதுன்னு வெச்சு 'அப்', 'ஆஃப்' கண்டுபிடிக்க முடியல.

தன்லின் சயாமா:

சரியான இடத்தில் பிடித்தாய் அம்மா. என் விளக்கத்தில் ஓட்டை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் மொழிபெயர்த்துப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஒரு கருத்தை இங்கிலீஷ் பிரிப்பொசிஷனால் சொல்லும், தமிழ் அதையே துணைவினையால் சொல்லும். தமிழும் பர்மியமும் நமக்குக் கொடுப்பது இரண்டு வகை ஒட்டு உண்டு என்கிற அறிவை மட்டும்தான். எந்தச் சொல் எந்த வகை என்பதை இங்கிலீஷுக்குள்ளேயேதான் தேட வேண்டும்.

பர்மியம் என்றதும் நினைவு வருகிறது. நம் பிள்ளைகள் 'லுக் மீ', 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்று சொல்வதற்கு வேர் எனக்கு அங்கேதான் தெரிகிறது. 'தூகோ சி' என்றால் அவனைப் பார். 'தூகோ பியோ' என்றால் அவனிடம் சொல். 'யாங்கோன்கோ தூவா' என்றால் யாங்கூனுக்குப் போ. தமிழில் ஐ, இடம், கு என்று மூன்று உருபு செய்யும் வேலையை அங்கே 'கோ' ஒன்றே செய்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் இங்கிலீஷுக்குப் போகிறவனுக்கு 'லுக் அட்', 'டாக் டு', 'வெயிட் ஃபார்' என்று வினைக்கு வினை வேறு சொல் எதற்கு என்று தோன்றும். எதுவும் போடாமல் விட்டுவிடுகிறான். தமிழ்ப் பிள்ளைக்கு 'அட்' என்பது இங்கே 'அவனை'யில் உள்ள 'ஐ' மாதிரி வேலை செய்கிறது என்று காட்டினால் பிடித்துக்கொள்கிறது.

பெகு பெரியவர்:

பிள்ளைகளே, நான் மிஷன் பள்ளியில் படித்தவன். 1965ல் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்டபோது நான் எட்டாவதில் இருந்தேன். இலக்கணத்தை எங்களுக்குப் பலகையில் எழுதிப் போடவில்லை. வாய்விட்டு வாசிக்க வைத்தார்கள். வாத்தியார் கையில் ஒரு பிரம்பு இருக்கும், அடிக்க இல்லை, மேசையில் தட்ட. எந்தச் சொல்லில் அழுத்தம் விழ வேண்டுமோ அங்கே 'டக்' என்று தட்டுவார்.

'டர்ன் இட் ஆஃப்': 'ஆஃப்'பில் தட்டு விழும். 'பிக் ஹிம் அப்': 'அப்'பில் விழும். 'லுக் அட் இட்': 'லுக்'கில் தட்டிவிட்டுப் பிரம்பு மேலே போய்விடும், 'அட் இட்' இரண்டும் சேர்ந்து 'அடிட்' என்று வாய்க்குள்ளேயே கரையும். 'வெயிட் ஃபார் ஹிம்' அதே மாதிரி. அறுபது வருஷம் ஆகியும் அந்த மேசைச் சத்தம் எனக்கு மறக்கவில்லை. குட்டிச் சொல்லில் தட்டு விழுந்தால் அது வினையின் ஆள், 'இட்' நடுவில். தட்டு விழாமல் கரைந்தால் பெயரின் ஆள், 'இட்' பின்னால்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இது 'அட்', 'ஃபார்', 'டு', 'ஆன்' மாதிரி ஒற்றை அசைச் சொல்லுக்குத்தான் நம்பிக்கையானது. 'ஆஃப்டர்', 'ஓவர்' போன்ற ஈரசைச் சொற்கள் பிரிப்பொசிஷனாக இருந்தாலும் கொஞ்சம் அழுத்தம் வாங்கும். தம்பிக்கு முதலில் மாட்டியதே 'ஆஃப்டர்'. பாவம், அவர் காது அவரை ஏமாற்றியதில் ஆச்சரியமில்லை.

இது புதுச் சிக்கலும் இல்லை. 1755ல் டாக்டர் ஜான்சன் தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார், வினையோடு ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றுகிற இந்த வழக்கம்தான் அயலாருக்குப் பெரும் தொல்லை என்று. இங்கிலீஷின் பழைய வடிவத்தில் இந்தக் குட்டிச் சொற்கள் பல வினைக்கு முன்னால் ஒட்டியிருந்தன. மிச்சம் மீதி இன்றும் உண்டு: 'ஓவர்த்ரோ', 'அப்ஹோல்ட்', 'வித்ஸ்டாண்ட்'. அவற்றில் சந்தேகமே வராது, 'அப்ஹோல்ட் இட்' அவ்வளவுதான். காலப்போக்கில் குட்டிச் சொல் வினைக்குப் பின்னால் நகர்ந்தது, நடுவே இடைவெளி பிறந்தது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் அதைத் திற என்பதற்கு 'மாக் எஸ் அவுஃப்' என்பார்கள், 'அதை' நடுவில்தான்.

மோல்மேன் பொண்ணு:

தாத்தா சொன்ன மேசைத் தட்டைப் படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, எங்க பாட்டனும் அப்படித்தான் வாசிக்க வைப்பாரு.

நான் சிங்கப்பூர்ல ஒரு முதியோர் இல்லத்துல வேலை பாக்கிறேன். எனக்கு இது இலக்கண விஷயமே இல்ல, ஒரு ஆயாவோட முதுகு விஷயம். படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் படுக்கைப்புண் வராம இருக்க ராத்திரியும் மணிக்கணக்கு வெச்சுத் திருப்பிப் போடணும். வந்த புதுசுல ஷிப்ட் மாறும்போது எழுதற நோட்டுல 'டர்ன்ட் ஓவர் ஹர் அட் டூ'ன்னு எழுதிட்டேன். காலையில பொறுப்புல இருந்த அக்கா கூப்பிட்டு, 'டர்ன்ட் ஹர் ஓவர்'னு மாத்த வெச்சாங்க. 'ஓவர் ஹர்'னா அவங்களுக்கு மேலாகன்னு அர்த்தம் போயிடும், படிக்கிறவங்க என்ன நடந்துச்சுன்னு ஒரு நிமிஷம் நிப்பாங்கன்னாங்க. ராத்திரி வேலையில அந்த ஒரு நிமிஷம் பெருசு.

அன்னைக்கிலிருந்து நான் கையால யோசிக்கிறேன். ஆயாவை எழுப்பி உக்கார வைக்கிறேன்: 'சிட் ஹர் அப்'. கை ஆயா மேல, ஆயா நடுவுல இருக்காங்க, முடிவுல மேலே வந்துட்டாங்க. 'லே ஹர் டவுன்', 'வேக் ஹர் அப்', 'காம் ஹர் டவுன்', எல்லாத்துலயும் அந்த ஆளுக்கு ஒண்ணு நடந்து ஒரு நிலைக்குப் போறாங்க. போய்ச் சேர்ற நிலையைச் சொல்றதுதான் கடைசிச் சொல். 'லுக் ஆஃப்டர் ஹர்', 'கேர் ஃபார் ஹர்', 'சிட் வித் ஹர்', இதுல எதுவும் ஆயாவை நகர்த்தல. நான்தான் அவங்க பக்கம் இருக்கேன். எனக்கு இது வேலை செய்யுது.

தன்லின் சயாமா:

மகளே, நீ சொன்னது என் இருபது வருஷப் பாடத்தை விடத் தெளிவு. 'சிட் ஹர் அப்' மாதிரி உடம்பு நகரும் வினைகளுக்கு அப்படியே பொருந்தும். 'லுக் இட் அப்', 'மேக் இட் அப்' போன்றவற்றில் எதுவும் மேலே போவதில்லை. அங்கே கை விட்டுவிடும், காது வேண்டும்.

பிள்ளைகளுக்கு நான் இப்போது சொல்லித்தருவது இதுதான். 'அட்', 'ஃபார்', 'வித்', 'ஃபிரம்', 'இன்டு', விளக்கை அணைக்கிற 'ஆஃப்' (off) அல்லாத அந்தக் குட்டையான 'ஒவ்' (of), இவை எப்போதும் பெயரின் ஆட்கள். புரோநவுன் பின்னால்தான், யோசிக்கவே வேண்டாம். 'ஆஃப்டர்' உம் இந்தக் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அவே', 'பேக்', 'டுகெதர்', 'அபார்ட்', 'அசைட்' இவை வினையின் ஆட்கள். 'த்ரோ இட் அவே', 'பே மீ பேக்', நடுவில்தான். இந்த இரண்டு கூட்டத்திலும் தகராறு கிடையாது. தகராறெல்லாம் இரண்டு பக்கமும் வேலை பார்க்கிறவற்றோடுதான்: 'அப்', 'டவுன்', 'ஆன்', 'ஆஃப்', 'இன்', 'ஓவர்', 'த்ரூ'. மனப்பாடம் செய்ய வேண்டியது இந்தச் சிலவற்றை மட்டும். மாந்தலே அண்ணன் சொன்ன மனப்பாடத்துக்கு இங்கே இடம் உண்டு.

இரட்டை வேலை பார்க்கும் சொல் இடம் மாறினால் பொருளே மாறிவிடும், அதைப் பிள்ளைகள் ஆசையாகக் கற்கிறார்கள். 'சீ த்ரூ ஹிம்' என்றால் அவன் வேஷத்தைக் கண்டுகொள்வது. 'சீ ஹிம் த்ரூ' என்றால் கஷ்டகாலம் முடியும்வரை அவனுக்குத் துணை நிற்பது. ஒரே மூன்று சொல். நாய் பாய்ந்தால் 'தி டாக் டர்ன்ட் ஆன் மீ'. ஃபேனைப் போட்டால் 'ஐ டர்ன்ட் இட் ஆன்'. மலையில் ஓடினால் 'ரேன் அப் இட்'. கடையில் கடன் ஏற்றினால் 'ரேன் இட் அப்'.

மோல்மேன் பொண்ணு:

சயாமா, 'டு'வும் பெயரின் ஆள்தானேன்னு நினைச்சா, மயங்கி விழுந்தவங்களைத் தெளிய வெச்சா 'ப்ராட் ஹர் டு'ன்னு டாக்டர் சொல்றதைக் கேட்டிருக்கேன். அந்த 'டு'வுக்குப் பின்னாடி ஒண்ணுமே வரல.

தன்லின் சயாமா:

அதனால்தான் மேலே உள்ள வரிசையில் 'டு'வை நான் சேர்க்கவில்லை. அந்த ஒன்றில் 'டு' வினையின் ஆள், தட்டும் அதன்மேல் விழும்.

மாந்தலே கடைக்காரர்:

சரிம்மா, நான் சொன்னதுல பாதியை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒரு விஷயம் யாரும் சொல்லல. நம்ம ஆளுங்க பெரும்பாலும் 'இட்'டை நடுவுல வெக்கிறதும் இல்ல, கடைசியில வெக்கிறதும் இல்ல, போடறதே இல்ல. 'மீ பியெட்' ஆகி, அதாவது கரண்ட் போய், திரும்ப வந்ததும் பையன்கிட்ட ஜெனரேட்டரை 'அணைச்சுடு'ங்கிறோம். 'அதை'ங்கிற பேச்சே கிடையாது. பர்மியத்துலயும் அப்படியே. அந்தப் பழக்கத்துல வெள்ளைக்காரர்கிட்ட 'ப்ளீஸ் டர்ன் ஆஃப்'னு நிறுத்திடுறோம். அவர் எதைன்னு முழிக்கிறார். சுவிட்சுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே முழிக்கிறார்.

பெகு பெரியவர்:

மிக உண்மை. நமக்குச் சொல்லாமலே விளங்கும், அவர்கள் மொழியில் செயப்படுபொருளைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லியாக வேண்டும், ஆனால் அழுத்தம் தரக் கூடாது. அதனால்தான் 'இட்' அவ்வளவு இலேசாக நடுவில் ஒளிந்துகொள்கிறது.

கமாயூட் தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாலு நாளா இதையே நினைச்சுக்கிட்டு ஓட்டுறேன். நம்ம ஊர்ல வலது பக்கமா ஓட்டணும், ஆனா முக்கால்வாசி வண்டி ஜப்பான்லேர்ந்து வந்த வலது ஸ்டியரிங். அதனால இடப்பக்கக் கதவைத் திறந்தா நேரா ரோட்டுக்குள்ளதான் இறங்குவாங்க. எத்தனையோ தடவை 'லுக் அவுட் பஸ்'னு கத்தியிருக்கேன். இப்போ 'லுக் அவுட் ஃபார் தி பஸ்'னு வருது. 'அவுட்' வினையோட ஆளு, 'ஃபார்' பஸ்ஸோட ஆளு. ரெண்டு பேரும் ஒரே வாக்கியத்துல இருக்கலாம்னு அப்பதான் உறைச்சுது.

இன்னைக்கு இன்னொண்ணு. அதே அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் போஜோ மார்க்கெட்ல இருந்தாங்க. அவரு என்கூட வெளியே வந்துட்டார், அவங்க லுங்கித் துணி பாத்துக்கிட்டு நின்னாங்க. 'யூ கோ அஹெட், ஐ வில் கேட்ச் யூ அப்'னாங்க. அவரு பின்னாடி திரும்பி, 'ஷீ வில் கேட்ச் அப் வித் அஸ்'னு என்கிட்டச் சொன்னார். ஒரே விஷயத்தை ரெண்டு பேரும் ரெண்டு மாதிரி சொன்னாங்க. நான் பார்க்கிங் வரைக்கும் யோசிச்சுக்கிட்டே நடந்தேன்.

அந்தம்மா 'வித்' போடல, அதனால 'யூ' நடுவுல போச்சு, 'அப்' கடைசியில தட்டு வாங்குச்சு. ஐயா 'வித்' போட்டார், 'வித்' பெயரோட ஆளு, அதனால 'அஸ்' அது பின்னாடியே போயிடுச்சு. 'அப்' ரெண்டுலயும் வினையோட ஆளுதான். சரியா சயாமா?

தன்லின் சயாமா:

சரி தம்பி. 'கேட்ச் அப் அஸ்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.